வில்லியனூரிலிருந்து பாகூருக்கு ஐந்து நிமிஷம்

என் அக்காள் மகள் கல்யாணத்துக்கு நான் ஆகாய விமானத்தை நம்பிப் புறப்பட்டேன். விமானத்தில் ஏறவில்லை, ஏறியது முனுசாமியின் மாட்டு வண்டியில்தான். ஆனால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை விமானத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். இதைவிட மடத்தனமான காரியம் செய்தவர் பிரஞ்சிந்தியாவில் யாராவது இருந்தால் தயவுசெய்து தெரிவிக்க வேண்டும். கூட உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போட ஆசையாக இருக்கிறது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் எங்கள் வானத்தில் ஒரு தபால் விமானம் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. இன்ன நாள், இன்ன வேளை என்று அதற்குக் கிடையாது. நினைத்தபோது வடக்கேயிருந்து வரும். வில்லியனூர்க் கோயில் கோபுரத்துக்கு மேல் ஒரு பொட்டாகத் தெரியும். தெற்கே போய் மறையும். அதையே பாகூரில் என் அக்காள் புருஷர் ஏரிக்கு மேல் பார்ப்பார். பிறகு சந்திக்கும்போது, “உங்க ஊர்ல எத்தினி மணிக்குப் பாத்தீங்க?” என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். ஆக, எங்கள் கோபுரம் ஒரு விமான நிலையம், அவர்கள் ஏரி ஒரு விமான நிலையம். இரண்டிலும் விமானம் நின்றதே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

பாகூரில் நிச்சயதார்த்தம் நடந்தபோது, மடுகரையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்து, தாய்மாமன் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. முகூர்த்தத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டுவான். பொன் தகடு ஒட்டிய சின்னப் பட்டைதான் அது. ஆனால் அதைக் கட்டாமல் தாலி கட்டுவதில்லை. பெண்ணுக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன். அக்காளுக்கு வேறு அண்ணனோ தம்பியோ இல்லை.

நான் பேசாமல் தலையை ஆட்டியிருக்கலாம். அவ்வப்போது பத்திரிகைகளில் நாலு பக்கம் எழுதுகிறவனுக்கு வாய் அப்படி அடங்குவதில்லை. யாரோ ஒருவரிடம் பள்ளிக்கூடத்துத் தேசப்படம் இருந்தது. அதில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, “இது ஒரு தூரமா? ஐந்து நிமிஷம்” என்று சபைக்கு அறிவித்தேன். ஆண்கள் ஆச்சரியப்பட்டார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

“ஏரோப்ளேனு ஒங்க வூட்டு வாசல்ல நிக்குதா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து மடுகரையில் எனக்கு ‘ஏரோப்ளேன் மாமன்’ என்று பெயர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்காரியும் மற்ற உறவினர்களும் பெரிய வண்டி பூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: நான் படித்து வந்த துப்பறியும் தொடர்கதையில் கொலைகாரன் யார் என்பது அன்றைத் தபாலில் வர வேண்டியிருந்தது. விடியற்காலையில் வருகிறேன் என்றேன். விமானத்துக்கு ஐந்து நிமிஷம். மாடு அதைவிட இருபத்தைந்து மடங்கு மெதுவாகப் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரம். முகூர்த்தமோ உச்சிக்குச் சற்று முன்புதான். கணக்கில் பிழை கிடையாது. பூமியில் ஆறு உண்டு, மணல் உண்டு, நடுவில் அடுத்த ராஜாங்கம் உண்டு என்பவற்றை மட்டும் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரி வண்டியில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “நீங்க வரலன்னா ஒங்க அக்கா வேற யாரையும் பட்டம் கட்ட வுடமாட்டாங்க. அத மட்டும் மனசுல வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டேன். தபாலில் தொடர்கதை வரவில்லை.

*

மறுநாள் வெளிச்சம் வருமுன்பே முனுசாமி வண்டியோடு வந்துவிட்டார். பட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெண்ணுக்கு எடுத்த மாமன் சேலை, அரக்கு நிறப் பட்டு, துணியில் சுற்றி மடியில் இருந்தது. ஊர் எல்லையில் ஒருவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார். சொல்தா சவரிமுத்து. பிரஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்விட்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்தா என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பட்டாளத்தை விட்டாலும் அது விடாது. பாகூரில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறாராம். ஏறிக்கொண்டார்.

ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். மணல்தான் முழங்கால் அளவு. வண்டி நட்டாற்றில் உட்கார்ந்துவிட்டது. மணலில் வெள்ளரி போட்டிருந்தவர்கள் நாலு பேர் வந்து சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். கைக்கு அகப்பட்ட பிஞ்சுகளையும் வண்டியில் எறிந்தார்கள். சங்கராபரணி மணலில் காய்த்த வெள்ளரிப் பிஞ்சைப் பனி ஈரத்தோடு கடிப்பது மாதிரி ஒரு சாப்பாடு அதற்கப்புறம் எனக்கு எந்த விருந்திலும் கிடைத்ததில்லை. வண்டி கரையேறும்போது வெயில் ஏறியிருந்தது. என் கணக்கின்படி நாங்கள் பாகூர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது.

“ஆத்துல இவ்ளோ நேரம் ஆவும்னு ஒங்க கணக்குல வரலியா?” என்றார் முனுசாமி.

விமானத்துக்கு ஆறு கிடையாது என்றேன். அவர் மாட்டைப் பார்த்தார். மாடு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் பூகோளத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுச்சேரி ராஜ்யம் ஒரே தட்டையான தோசை அல்ல. பிய்த்துப் போட்ட தோசை. வில்லியனூர் ஒரு துண்டு, பாகூர் ஒரு துண்டு. நடுவில் இங்கிலீஷ்காரன் நிலம் நாக்கு மாதிரி நீண்டிருக்கும். அக்காள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் நான் வெளிதேசம் போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த வெளிதேசம் எவ்வளவு பெரியது என்றால், எல்லையில் பற்றவைத்த சுருட்டு அணைவதற்குள் முடிந்துவிடும். இருந்தாலும் வெளிதேசம் வெளிதேசம்தான். அங்கே ஒரு புளியமரத்தடியில் சுங்கச் சாவடி இருந்தது.

சாவடிச் சேவகர் பாதைக்குக் குறுக்கே மூங்கிலை இறக்கிவிட்டு வந்தார். என் மடியைப் பார்த்து, “இன்னா மூட்டை?” என்றார்.

“கல்யாணச் சேலை.”

“புதுசா?”

“கல்யாணத்துக்குப் பழசா எடுப்பாங்க?” என்றேன்.

இந்த மாதிரி பதில்களை அச்சில் எழுதினால் ஆசிரியர் சிரிப்பார். சுங்கச் சாவடியில் சொல்லக் கூடாது. பிரஞ்சு எல்லையிலிருந்து புதுப் பட்டு வந்தால் வரி உண்டு என்றார் சேவகர். கட்டிவிடுகிறேன் என்றேன். ரசீது எழுதுகிறவர் குளிக்கப் போயிருக்கிறார் என்றார். எங்கே என்று கேட்டேன். பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு. எப்போது வருவார்? குளித்துவிட்டு வருவார்.

அப்போதுதான் சொல்தா என் காதோரம் சாய்ந்து, “கட்டுன துணிக்கு வரி கெடையாது முசே” என்று பிரஞ்சு மரியாதையோடு சொன்னார். எல்லைகளைக் கடந்து பழகிய மனிதர். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அரக்குப் பட்டுச் சேலையை உதறி, தோளில் போட்டு, மார்பைச் சுற்றி, ஒரு முனையைக் கழுத்தில் விட்டுக்கொண்டேன். சேவகர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“இப்ப சரி. ஒடம்புல கீறதுக்கு வரி இல்ல” என்று மூங்கிலைத் தூக்கினார்.

சாவடியை ஒட்டி ஒரு இங்கிலீஷ் மைல் கல் நின்றது. வெள்ளையடித்து, ‘பாகூர் 5’ என்று கறுப்பில் எழுதியிருந்தது. நான் உரக்க வாசித்தேன். மூவருக்கும் உயிர் வந்தது. ஐந்துதானே என்ற தைரியத்தில் எதிரே இருந்த இட்லிக் கடையில் இறங்கினோம். அங்கே மிளகாய்ப் பொடிக்கு நல்லெண்ணெயைக் கேட்காமலே ஊற்றினார்கள். எங்கள் வில்லியனூரில் கேட்டால்கூட முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கிலீஷ்காரன் ராஜ்யத்தில் சூரியன் அஸ்தமிப்பதில்லை என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது ஈட்டு இட்லியில் புரிந்தது. கொத்சும் நன்றாக இருந்தது. சொல்தாவுக்குத்தான் திருப்தியில்லை. சைகோனில் காலையில் ரொட்டியை உடைத்தால் அந்தச் சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும் என்றார்.

மறுபடி புறப்பட்டு, வெளிதேசம் முடிந்து, எங்கள் சொந்த பிரஞ்சு மண்ணில் கொஞ்ச தூரம் போனோம். அங்கே ஒரு கல். தலை வளைந்த பிரஞ்சுக் கல். ‘பாகூர் 7’.

நான் மறுபடி பார்த்தேன். ஏழுதான். ஐந்தாக இருந்த பாகூர் நாங்கள் போகப் போக ஏழாகிவிட்டது.

“அப்ப பின்னால போயிகினு கீறோமா?” என்றார் முனுசாமி. அவருக்குப் பாகூர்ப் பாதை பழக்கமில்லை. மாடுகளுக்கும் இல்லை. இட்லிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு பாதை பிரிந்தது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அதுதான் சரியான பாதை, நாம் தப்பு வழியில் வந்துவிட்டோம் என்று முனுசாமி சொன்னார். நானும் அதையேதான் நினைத்தேன். சொல்தா வண்டியில் எழுந்து நின்று, “தெமி தூர்!” என்று உத்தரவு போட்டார். பட்டாளத்தில் திரும்பி நடக்கச் சொல்லும் வார்த்தை. முனுசாமிக்குப் பிரஞ்சு தெரியாது. ஆனாலும் வண்டி அழகாகத் திரும்பியது.

சாவடிச் சேவகர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். இந்தத் தடவை மூங்கில் இறங்கிய வேகமே வேறு.

“இன்னா சார், சேலைய சுத்திகினு அந்தாண்ட போறீங்க, ஒடனே அதே சேலையோட இந்தாண்ட வரீங்க. அங்க இன்னாத்த எறக்கிட்டு வரீங்க?”

வைக்கோலைக் கிளறினார். சொல்தாவின் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அக்காள் வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்தது. “தப்பு எங்கள் பேரில் இல்லை. உங்கள் ராஜாங்கத்தின் கல்தான் பொய் சொல்கிறது. இங்கே ஐந்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், ஒரு கிலோமீட்டர் போனால் எங்கள் கல்லில் ஏழு…” என்று ஆரம்பித்தேன்.

அங்கேயே நின்றுவிட்டது வாக்கியம். என் வாயிலிருந்து வந்த ‘கிலோமீட்டர்’ என் காதிலேயே விழுந்தது. இங்கிலீஷ் கல் மைலைச் சொல்கிறது. பிரஞ்சுக் கல் கிலோமீட்டரைச் சொல்கிறது. இவர்களுடைய ஐந்துதான் எங்களுடைய எட்டு. எட்டிலிருந்து ஒன்று போனால் ஏழு. இரண்டு கல்லும் சத்தியத்தைத்தான் பேசியிருக்கின்றன. நடுவில் போனவன்தான், விமான வேகத்தை மைலிலும் கிலோமீட்டரிலும் மாற்றி மாற்றிப் பத்திரிகையில் எழுதினவன், ஒரு கல்லைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பைச் செய்யும் பாக்கியம் கிடையாது. அதற்கு இரண்டு ராஜாங்கங்கள் வேண்டும்.

சேவகருக்கு நான் விளங்கச் சொன்னபோது அவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “கல்யாணம் எப்போ?” என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது. அவரே மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைத் திருப்பிவிட்டார்.

*

வண்டி மறுபடி பாகூரைப் பார்த்து ஓடியது. முனுசாமி வாலை முறுக்கினார். நான் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நான் போய்ச் சேராவிட்டால் பையன் வீட்டார் எங்கள் பங்காளிகளில் யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்தி, பூச்சரத்தையே பட்டமாகக் கட்டச் சொல்வார்கள். தவறில்லை, முகூர்த்தம் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனால் அக்காள் சம்மதிக்கமாட்டாள். சம்மதிக்காவிட்டால் நாளைக்கு மடுகரையில் போய் வாழப்போகிறவள் அவள் மகள். சம்மதித்தாலோ, கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்தும் இல்லாதவளாகச் சபையில் நிற்க வேண்டும். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கோலம் போட்டவள். அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் தாயார் சொல்வதுண்டு.

ஏரிக்கரையில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்று பாதையை அடைத்திருந்தன. ஒன்றின் அச்சு முறிந்திருந்தது. நான் கரையில் இறங்கி, வரப்பைப் பிடித்து ஓட ஆரம்பித்தேன். ஊர் இன்னும் இரண்டு கூப்பிடு தூரம் இருக்கும். கல்யாண மேளம் தெளிவாகக் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் நம்பிக்கை உண்டு.

அப்போது முதுகுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் எழுந்தது. வண்டு இரைகிற மாதிரி. வடக்கேயிருந்து, எங்கள் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து, அந்தத் தபால் விமானம் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தாழ்வாக அது வந்து நான் பார்த்ததில்லை. இறக்கை வெயிலில் மின்னியது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நின்றேன். கடிகாரத்தை எடுத்தேன். என் தலைக்கு மேல் வந்து, ஏரிக்கு மேல் போய், பனைமரங்களுக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் அண்ணாந்து பார்த்தேன். அந்த வேகத்தைப் பார்த்தால் என் கணக்கு சரி. வில்லியனூரிலிருந்து பாகூருக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகவே ஆகாது.

கழுத்தை இறக்கினபோதுதான் தெரிந்தது, மேளம் நின்றுபோயிருந்தது. கல்யாண வீட்டில் மேளம் நின்றால் தாலி ஏறி, இலையும் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஓடுவதற்கு இனிக் காரணம் இல்லை. இருந்தும் ஓடினேன். தெருமுனை திரும்பியதும் கண்ட காட்சியை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. கல்யாணம் முழுவதும் தெருவில் நின்றது. நாயனக்காரர் நாயனத்தை இடுக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். ஐயர் கையில் தேங்காயோடு ஆகாயத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக, வாயைத் திறந்துகொண்டு, விமானம் போன திசையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கழுத்தில்தான் மாலை. பெண்ணின் கழுத்தில் இன்னும் தாலி இல்லை.

பந்தலுக்குள் இரண்டே பேர்தான் இருந்தார்கள். மணையில் பெண், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அக்காள். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி மட்டும் பந்தல் கால் இடுக்கு வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியாடா” என்றாள். ஏன் நேரமாயிற்று என்று கேட்கவில்லை. எழுந்து வந்து என் தோளிலிருந்த பட்டுச் சேலையை ஒவ்வொரு சுற்றாக உருவினாள். “இத பொண்ணுக்கு எடுத்தியா, ஒனக்கு எடுத்தியா?”

அதற்குள் தெருவிலிருந்த தலைகள் வானத்திலிருந்து இறங்கி என்னிடம் வந்திருந்தன. புழுதியும் வியர்வையுமாக நான் நின்றேன். தவில்காரர், “எங்க சாமி எறங்குனீங்க?” என்று கேட்டார்.

“ஏரிக்கரையில எறங்குனேன்” என்றேன். மூச்சு வாங்கியதால் மேலே பேச முடியவில்லை.

பட்டம் கட்டினேன். வியர்வையில் முடிச்சு வழுக்கியது; அக்காள் என் விரலின் மேல் விரல் வைத்து அழுத்திக்கொண்டாள். கெட்டி மேளம் கொட்டியது.

*

இப்போது யுத்த காலம். தலைக்கு மேல் பகலில் எத்தனையோ விமானங்கள் போகின்றன. யாரும் கல்யாணத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பதில்லை; சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளேதான் போகிறார்கள். சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள். புளியமரத்தடியில் மூங்கில் மட்டும் கிடக்கிறது. அதில் ஆடு கட்டுகிறார்கள். இட்லிக் கடையில் நல்லெண்ணெயைக் கேட்டாலும் ஊற்றுவதில்லை. இரண்டு கல்லும் அப்படியே இருக்கின்றன, ஐந்தும் ஏழுமாக. சமீபத்தில் அந்த வழியே போனபோது வண்டியை நிறுத்தச் சொல்லி ஐந்தாம் கல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காள் போய் இரண்டு வருஷமாகிறது. எத்தனை நேரமானாலும் பாகூரில் எனக்காகப் பாதையைப் பார்க்கிறவர்கள் இப்போது இல்லை. ஆகவே சரியான நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

இந்தத் தடவை போனது அக்காளின் பேரனுக்குக் காது குத்தும் விசேஷத்துக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலில் சம்பந்தியம்மாள் என்னைக் காட்டி, யாரோ புது உறவினர்களிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்யாணத்தன்று ஆகாய விமானத்தில் வந்து ஏரிக்கரையில் இறங்கினேன் என்று மடுகரையில் எல்லோரும் இன்றைக்கும் நம்புகிறார்களாம். தவில்காரர் நேரில் கேட்டாராம், நானே சொன்னேனாம். உறவினர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சற்று நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே முடித்தார். “ஏரோப்ளேன்ல வந்தே அவ்ளோ லேட்டு. மாட்டு வண்டில வந்திருந்தார்னா, இந்தக் காதுகுத்துக்குத்தான் வந்து சேந்திருப்பாரு.”